சிஸ்டரின் ஒத்திகை

"சார், காலையில என்ன கலரு?"

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்குப் பயந்து நான் பின்வாசல் வழியாக வேலைக்குப் போயிருக்கிறேன். கேள்வி எதிர்வீட்டு மாடியிலிருந்து வரும். கீழே கீரைக்காரம்மா நிற்கும். பால் வாங்க வந்தவர்கள் இருப்பார்கள். சட்டையைப் பற்றிய கேள்வி என்றுதான் அவர்கள் முதலில் நினைத்தார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் விதமாக, "வெளிர் மஞ்சள் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு நழுவப் பார்ப்பேன். விட மாட்டார்.

"வெளிர்னா எப்புடி? எலுமிச்சச் சாறு மாதிரியா, நல்லெண்ண மாதிரியா?"

"எலுமிச்ச."

"பொய் சொல்லாதீங்க. நேத்து நீங்க தண்ணி குடிச்ச லட்சணத்துக்கு நல்லெண்ணதான் வரும். வெளிய போற கலருதான் சார் உள்ள போன தண்ணிக்குச் சாட்சி."

கீரைக்காரம்மா என் வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தது. அதற்குப் பிறகு எனக்குக் கீரைக்கட்டைக் கையில் தருவதில்லை. சுவரில் வைத்துவிட்டுப் போகும்.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வருடம் பிரசவ வார்டு. பேரைச் சொன்னால் ஜில்லாவில் பாதிப் பேர் 'எங்க பிள்ளைய அவங்கதான எடுத்தாங்க' என்று உரிமை கொண்டாட வருவார்கள் என்பதால் பேர் வேண்டாம். கணவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் மஸ்கட்டில். இப்போது அந்த வீட்டில் ஒரு பல் டாக்டர் குடியிருக்கிறார். அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. தெரு அமைதியாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

சிஸ்டரின் உலகத்தில் ஒத்திகை பார்க்காத எதுவும் நடக்கக் கூடாது. இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை கேட்டேன். அவருடைய சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். அங்கே ஈஸ்டரையொட்டி பாஸ்கா போடுவார்கள். இயேசு பட்ட பாடுகளை விடிய விடிய நாடகமாக நடத்துவது. தவக்காலம் முழுக்க ஒத்திகை. சிஸ்டரின் அப்பா வருடம் தவறாமல் யூதாஸ்.

"எங்கப்பா காட்டிக்குடுக்குறதுக்கே தவக்காலம் பூரா ஒத்திக பாப்பாரு சார். நீங்க டயர்ல காத்து இருக்கான்னு ஒரு அமுக்கு அமுக்கிப் பாக்காமக் கெளம்புறீங்க."

யூதாஸை விடவும் நான் பொறுப்பற்றவன் என்று என்னைப் பற்றி வேறு யாரும் சொன்னதில்லை. என் மனைவிகூட.

மகன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டிலிருந்து சர்ச் வரை கார் ஒத்திகை நடந்தது. மாப்பிள்ளை இன்னும் மஸ்கட்டிலிருந்து வந்து சேரவில்லை. ஆகவே மாப்பிள்ளை சீட்டில் நான். கழுத்தில் மாலையும் உண்டு; மாலையோடு காரில் ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். கீழ ராஜ வீதியில் கார் நெரிசலில் நின்றபோது என் மாமனார் ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு அதை விளக்கி முடிக்கத் தீபாவளி ஆகிவிட்டது.

சண்டைக்கும் ஒத்திகை உண்டு. மறுநாள் யாருடன் சண்டையோ அவராக நான் நிற்க வேண்டும். வீட்டுக்காரரை நிறுத்திக்கொள்ளலாமே என்று கெஞ்சினேன்.

"அவருகிட்ட என்ன சொன்னாலும் 'ம்'ங்கிறாரு. 'ம்'முன்னு சொல்றவருகூட எப்புடி சார் சண்ட போடுறது?"

இப்படியாக நான் கொத்தனாராக, கேஸ் ஏஜென்சிக்காரராக, அவருடைய நாத்தனாராக, ஒரு முறை பங்குச் சாமியாராகவும் இருந்திருக்கிறேன். என் வாழ்நாளில் வாங்கிய வசவுகளில் பாதி வேறு ஆட்களுக்குச் சேர வேண்டியவை. அவற்றில் சில எனக்கும் அளவெடுத்தது போலப் பொருந்தின என்பது வேறு கதை. ஒத்திகை பார்த்த சண்டை எதிலும் சிஸ்டர் தோற்றதில்லை. கொத்தனார் மறு பேச்சில்லாமல் சுவரை இடித்துக் கட்டினார்.

இந்த அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயதில் டிரையத்லான் பித்துப் பிடித்தது.

டிரையத்லான் என்றால் கடலில் நீந்தி, ஈரம் காயாமல் சைக்கிள் ஏறி, சைக்கிளிலிருந்து இறங்கிய காலோடு ஓடுவது. நம் பக்கத்தில் இந்த மூன்றையும் செய்ய ஒரு மனிதனுக்கு மூன்று காரணங்கள் வேண்டும். நீந்த மீன், மிதிக்க வேலை, ஓட நாய். எந்தக் காரணமும் இல்லாமல் ஒரே காலையில் மூன்றையும் செய்வதற்கு மெடல் தருகிறார்கள். சிஸ்டர் சின்ன வயதில் ஊருணியில் நீந்தியவர், டூட்டிக்குச் சைக்கிளில் போகிறவர். "ஓட்டமா? வார்டுல ஓடாத ஓட்டமா?" என்றார். சென்னைக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. பேர் கொடுத்துவிட்டார்.

என் பேரையும் கொடுத்துவிட்டார். டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருந்தார். அதை சிஸ்டரிடம் சொன்னது என் தவறு. நான் ஒரு கல்லூரியில் நூலகர். மற்றவர்கள் படிக்காத புத்தகங்களுக்குக் காவல் இருப்பவன். உட்கார்ந்திருப்பதில் எனக்கு இருபது வருட அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தைச் சட்டைப் பொத்தான்களே சொல்லும்.

ஒரு நாள் சாயங்காலம் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். சிஸ்டர் வந்தார். நலம் விசாரித்தார். விசாரித்துக்கொண்டே, குழந்தைக்குத் தடுப்பூசி போடும் லாவகத்தோடு, ஒரு ஊசியை என் முன் டயரில் இறக்கினார். உஸ்ஸென்றது.

"பங்சர் ஆயிருச்சு. ஆரம்பிங்க."

"நீங்கதான சிஸ்டர் குத்துனீங்க?"

"சீமக்கருவ முள்ளு ஒங்ககிட்ட வந்து சொல்லிட்டா சார் குத்தும்? ஆரம்பிங்க. டயரக் கழட்டுங்க. தோசக் கரண்டி வச்சு நெம்பாதீங்க, டியூப் கிழியும்."

கத்தரிக்காய்ப் பையைத் தோளில் மாட்டியபடியே டியூப் மாற்றினேன். மூன்றாம் தடவை குத்தியபோது பையிலிருந்து ஒரு காய்கூட உதிராமல் மாற்றக் கற்றிருந்தேன். அதற்காக அவர் கைதட்டியபோது கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

தண்ணீர் விஷயம் அதை விடக் கொடுமை. உப்பு, சர்க்கரை, எலுமிச்சை கலந்து அவரே ஒரு கரைசல் தயாரிப்பார். சைக்கிளில் போகும்போது கைக்கடிகாரம் 'பீப்' என்றால் ஒரு மடக்கு. தாகம் எடுத்துக் குடிப்பது பாவம்.

"கண்ணீர விட உப்பு கூடிறக் கூடாது சார். நாக்குல வச்சுப் பாருங்க."

"யாரு கண்ணீரு சிஸ்டர்?"

"ஒங்க வீட்டம்மா கண்ணீரு. அதான் தரமா இருக்கும்."

இப்படியெல்லாம் பேசுகிறவர் ஒரே ஓர் ஆளிடம் வாய் திறக்க முடியாமல் தவித்தார். மஸ்கட்டில் இருந்த மகன்.

மருமகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் போய்ப் பார்ப்பதாக முன்பே பேச்சு. ஆனால் மகன் முன்கூட்டியே வரச் சொல்லி டிக்கெட் போடப் பார்த்தான், போட்டிக்கு இரண்டு நாள் முந்தின வெள்ளிக்கிழமைக்கு. போட்டி முடிந்து அடுத்த வாரம் கிளம்பினாலும் பிள்ளைப்பேறுக்கு நிறைய நாள் மிச்சம் இருக்கும். இதைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஒவ்வொரு முறை அவன் கூப்பிடும்போதும் சிஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிப்பார். "தம்பி, வந்து..." அவ்வளவுதான். "சரிப்பா. ம். சரிப்பா." போன் வைக்கப்பட்டுவிடும். அந்த வீட்டில் இரண்டாவது 'ம்' அவருடையதாகிக்கொண்டிருந்தது.

ஆகவே ஒத்திகை. ஒரு மாதம் நான் அவருடைய மகனாக இருந்தேன்.

சாயங்காலம் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே நடக்கும். அவர் வசனம் எனக்கு மனப்பாடம். "தம்பி, நான் முப்பது வருசமா அடுத்தவுக பிள்ளப்பேறு பாத்தவ. ஒம் பொண்டாட்டி பிள்ளப்பேறுக்கு நான் வாரேன். மாட்டேன்னு சொல்லல. ஆனா அந்த ஞாயித்துக்கிழம எனக்கு ஒரு வேல இருக்கு. வீட்டு வேல இல்ல, ஆஸ்பத்திரி வேல இல்ல. எனக்குன்னு உள்ள வேல. அத முடிச்சிட்டு வாரேன்."

நான் மகனாக எதிர்ப்பேன். "அம்மா, இந்த வயசுல பந்தயமா? ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். சிரிச்சா ரத்த அழுத்தம் கொறையும்."

"விழுந்து கைகால ஒடச்சிக்கிட்டா யாரும்மா பாக்குறது?"

"விழுகுறதுக்கும் ஒத்திக பாத்துட்டேன்." பார்த்திருந்தார். மணல் மேட்டில், என்னையும் சேர்த்து.

எனக்கு வேடம் பிடித்துப்போய்விட்டது. ஒரு நாள் உற்சாகத்தில், "ஒங்களுக்கு மெடல் முக்கியமா, பேரப்புள்ள முக்கியமா?" என்று கேட்டேன். சிஸ்டர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னேன்.

"இத அவன் கேப்பான்" என்றார். உள்ளே போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் வந்து, "பேரப்புள்ளைக்கு ஒரு ஆச்சி வேணுமா, வேலைக்கு நிக்கிற ஆயா வேணுமா? நீயே சொல்லு" என்று பதில் சொன்னார். முந்தின ராத்திரி அவர் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு நிஜ மகன் கூப்பிட்டபோது மறுபடியும், "சரிப்பா."

போட்டிக்கு முன்னால் முழு ஒத்திகை ஒன்று மணமேல்குடியில் ஏற்பாடாயிற்று. நீச்சல், சைக்கிள், ஓட்டம், எல்லாம் போட்டி நாள் போலவே. அன்று காலை பத்து மணிக்கு மகன் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். அன்றைக்கே டிக்கெட் போட்டாக வேண்டுமாம். "இன்னைக்குச் சொல்லிருவேன் சார். கடல்ல குளிச்சு எந்திரிச்ச வேகத்துல சொல்லிருவேன்" என்றார்.

முந்தின நாள் சாயங்காலமே சிஸ்டரின் வீட்டுக்காரர் வேன் ஓட்டிவர, சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். வழியில் ஒரு பனங்கூட்டத்துக்குக் கீழே ஒருவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். என் மனைவியின் கண்ணீரை எத்தனை நாள்தான் குடிப்பது? சிஸ்டர் பார்க்காத நேரத்தில் என் சைக்கிள் பாட்டில்கள் இரண்டிலும் பதநீரை நிரப்பி, இறுக மூடி, வேனின் பின்பக்கம் வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அவை அங்கே புழுக்கத்தில் கிடந்தன.

மறுநாள் விடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது கரையில் ஒரு பெட்ஷீட் விரித்திருந்தது. அதில் ஹெல்மெட் கவிழ்த்து, வார் திறந்து; ஷூவுக்குள் பவுடர் தூவிய சாக்ஸ்; பக்கத்தில் பம்பு, மாற்று டியூப். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் வரிசையாகக் கையில் வர வேண்டும். வந்தது. சிஸ்டரின் கை அப்படி. வேனுக்குள் வீட்டுக்காரர் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிவிட்டார்.

மணமேல்குடிக் கடலில் அலை என்று ஒன்று பெரிதாகக் கிடையாது. சேறு. இறங்கினால் முழங்கால் ஆழம். நடந்தால் முழங்கால் ஆழம். இன்னும் நடந்தால் அதே முழங்கால். பாதுகாப்புக்கு சிஸ்டர் ஒரு வள்ளக்காரரை ஏற்பாடு செய்திருந்தார். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் வந்துவிட்டு, "ஏம்மா, நீந்துறதுக்கா இம்புட்டுத் தூரம் நடக்குறீக? இந்தப் பொழப்புக்கு வள்ளத்துல ஏறிக்கிறலாம்ல?" என்றார்.

"ஆழம் வரட்டும்ணே."

"வரும். கொஞ்சம் போனா சிலோனும் வரும்."

பாஸ்போர்ட் கேட்கும் தூரம் வருவதற்குள் நான் திரும்பிவிட்டேன். உலகத்திலேயே நீச்சலுக்குப் போய் நடந்து திரும்பியவன் நானாகத்தான் இருப்பேன். சிஸ்டர் போய்க்கொண்டே இருந்தார். இடுப்பளவு வந்ததும் விழுந்து நீந்த ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கரையிலிருந்து தெரிந்தது ஒரு மஞ்சள் தொப்பி மட்டும்.

எனக்குத் தாகம். பாட்டில் மூடியைத் திறந்தேன். 'டப்' என்று வெடித்து முகத்தில் நுரை அடித்தது. விளையாட்டு வீரர்களின் பானங்களில் சில நுரைக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். குடித்தேன். லேசாகப் புளித்தது. தாது உப்பு என்று நினைத்துக்கொண்டேன். வெறும் வயிறு. இரண்டாவது பாட்டிலையும் முடித்தபோது மணமேல்குடி எவ்வளவு அழகான ஊர் என்பது எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது. புத்தகங்களில் அவ்வளவு படித்தவனுக்கு, மூடிவைத்த பதநீர் ஒரு ராத்திரியில் கள் ஆகிவிடும் என்ற ஒரு வரி கண்ணில் படாமல் போயிற்று.

அப்போது பெட்ஷீட்டில் இருந்த போன் அடித்தது. மகன். வீடியோ அழைப்பு. பத்து மணி.

எடுத்தேன்.

"அங்கிள், அம்மா எங்க?"

"கடல்ல இருக்காங்க."

"கடல்லயா? எதுக்கு அங்கிள்?"

நான் கடலைப் பார்த்தேன். மஞ்சள் தொப்பி கரைப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் தூரம் இருந்தது. இந்தப் பையன் டிக்கெட் போட்டுவிடுவான். சிஸ்டர் வந்தாலும் 'சரிப்பா' என்றுதான் சொல்வார். ஒரு மாதமாக எதிர்ப்பக்கம் நின்று கேட்ட வசனம் தொண்டைக்கு வந்து நின்றது. வந்தது வந்தபடியே வெளியேயும் போய்விட்டது.

"தம்பி, நான் முப்பது வருசமா அடுத்தவுக பிள்ளப்பேறு பாத்தவ."

"என்னது?"

"ஒம் பொண்டாட்டி பிள்ளப்பேறுக்கு நான் வாரேன். மாட்டேன்னு சொல்லல."

"நீங்க எதுக்கு அங்கிள் வாரீங்க?"

"குறுக்க பேசாத. அந்த ஞாயித்துக்கிழம எனக்கு ஒரு வேல இருக்கு. வீட்டு வேல இல்ல, ஆஸ்பத்திரி வேல இல்ல. எனக்குன்னு உள்ள வேல. அத முடிச்சிட்டு வாரேன். ஊரு சிரிக்கும்னு சொல்லாத. பேரப்புள்ளைக்கு ஆச்சி வேணுமா, ஆயா வேணுமா? சொல்லு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. போனைக் கடல் பக்கம் திருப்பிக் காட்டினேன். "அந்தா பாரு, மஞ்சத் தொப்பி. அதான் ஒங்கம்மா. நீந்துறாங்க பாரு. பாரு, வள்ளத்துக்கு முன்னாடி வாராங்க."

படம் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் இருவருமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் தொப்பி முழங்கால் ஆழத்துக்கு வந்து, எழுந்து, சேற்றில் கால் புதையப் புதைய ஓடி வந்தது. சைக்கிளுக்குப் போக வேண்டிய வேகம் அது. என் கையில் போனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பெட்ஷீட்டில் கிடந்த காலிப் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். போனைப் பிடுங்கினார்.

"தம்பி, வந்து..."

"ஞாயித்துக்கிழம என்னம்மா, போட்டியா?"

"ம்."

"இந்தக் கடல்ல நீந்துனது நீங்களா?"

"ம்."

"மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? டிக்கெட்ட அந்த ஞாயித்துக்கு அடுத்த புதன்கிழமைக்குப் போடுறேன். போட்டிய முடிச்சிட்டு நிதானமா வாங்க. இவளும் பாக்கணுங்கிறா, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

சிஸ்டரின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பதில்களில் இதற்கு ஒன்றுகூட இல்லை.

"சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டேன்மா. அங்கிளுக்கு என்னமோ ஒடம்புக்கு முடியல போல. பாருங்க."

போன் வைக்கப்பட்டது. சிஸ்டர் பெட்ஷீட்டில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டை எடுத்தார், வாரை மாட்டினார், சிக்கவில்லை, மறுபடி மாட்டினார். சாக்ஸை இடது வலது மாற்றிப் போட்டார். பிறகு, கொத்தனாரிடமோ நாத்தனாரிடமோ பேசிய குரல் எதிலும் சேராத ஒரு குரலில் என்னிடம் கேட்டார்.

"ஒரு மாசம் மகனா நின்னீங்களே சார். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, 'சரிம்மா, போயிட்டு வாங்க'ன்னு சொன்னீங்களா?"

பதிலுக்கு நிற்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி, எதிர்க்காற்றில் கோட்டைப்பட்டினம் ரோட்டில் போய்விட்டார்.